பூவரசு மொட்டையாக நிற்கிறது

ஜூலை, செவ்வாய் இரவு

எழுதக் கற்றபின் இன்றுதான் மாதத்தையும் கிழமையையும் யாரையும் கேட்காமல் எழுதினேன். சந்தோஷம்தான். ஆனாலும் மனம் ஆறவில்லை.

என் மனைவி பிலோமினா படுத்திருக்கும் அறையின் ஜன்னலில் வெயில் நேராக அடிக்கிறது. நிழலுக்கு மருமகள் மாங்கன்று வாங்கி வந்தாள். இந்த உப்பு மண்ணில் மா நிற்காது என்று சொல்லி அதைத் திருப்பிக் கொடுக்கவைத்து, பூவரசு நட்டேன். இன்று காற்றில் கடைசி இலையும் போய்விட்டது.

"மாமா, ஒங்க பூவரசு மொட்டை போட்டுட்டு நிக்கி. வேளாங்கண்ணிக்கு நேந்திருக்கியளோ?" என்று மருமகள் சிரித்தாள்.

"வேரு பிடிக்கட்டும் ஏளா, தானா துளிர்க்கும்" என்றேன்.

சாயங்காலம் அவளே, விலைக்கு வாங்கிய குடிதண்ணீரை அதன் தூரில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கேலி செய்தவளே இப்படிச் செய்வதைப் பார்த்த பிறகுதான், கன்று பட்டுப்போய்விடுமோ என்று எனக்குப் பயம் அதிகமாகிவிட்டது.