யானைக்கு நேராக எழுதிய எண்

அன்புள்ள அத்தானுக்கு,

மாமாவும் நானும் ஏதோ இருக்கிறோம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுவதாக எழுதியிருந்தீர்கள், நான் நம்பவில்லை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விற்கப்போகும் ஐந்தடுக்குச் சதுரங்கத்தின் விதிப் புத்தகத்தில் காய்களின் மதிப்புப் பட்டியலை அச்சுக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால் ஓடிப்போய் நிறுத்துங்கள். நான் அனுப்பிய எண்கள் தப்பு.

சமையலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது. மாமாவுக்கு வாதம் வந்து இரண்டு வருஷமாகியும் இடது கை அப்படியேதான். பேச்சு நாலைந்து வார்த்தைக்கு மேல் வருவதில்லை. இப்போது வலது கையும் லேசாக நடுங்குகிறது. போன வாரம் ஒரு சிப்பாய் அவர் விரல் நழுவி மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுவரை உருண்டது. டாக்டரிடம் சொன்னேன், எழுதிக்கொண்டார்.

வெறும் பலகையில் கட்டங்களை எண்ணினால் போதாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். தட்டுக்கு ஐந்துக்கு ஐந்து கட்டம், அப்படி ஐந்து தட்டில் எங்கே நிறுத்தினாலும் யானைக்குப் பன்னிரண்டு கட்டம். மூலைக்குப் போனால் குதிரைக்கு ஆறுதான். ஆனால் ஆட்டத்தில் யாருக்கு எவ்வளவு பலம் என்று அது காட்டாது. ஒரு காயை எடுத்துவைத்துவிட்டுச் சமமான ஆளோடு இருபது ஆட்டம் ஆடு, அது இல்லாதது எவ்வளவு வலிக்கிறது என்று பார் என்றீர்கள். பட்டியல் முடிந்த மறுநாளே கிளம்பி வருவதாகவும் எழுதினீர்கள். அதனால் ஒரு மதியம்கூட விடாமல் மாமாவோடு ஆடினேன்.

என் குதிரை இல்லாமல் இருபதில் பதினொன்றில் ஜெயித்தேன். என் யானை இல்லாமல் பதினாலில். ஆகவே யானை குதிரையைவிடக் கீழே. நீங்களும் மூன்று பக்கத்துக்கு ஆச்சரியப்பட்டு எழுதினீர்கள்.

செவ்வாய்க்கிழமை மருந்துக்கடையில் நேரமாகிவிட்டது. திரும்பி வந்தால், மாமாவுக்குக் கைப்பயிற்சி கொடுக்க வரும் பெண் பலகை முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கல்லூரி அணியில் ஆடியவளாம். "அக்கா, உங்க மாமனார் மனுஷனே இல்ல. என் ராணிய வெட்டி ஒரு மணி நேரமாச்சு, இன்னும் என் ராஜாவ தட்டு தட்டா விரட்டிட்டு இருக்கார்" என்றாள். மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அப்படியொரு குஷியை இந்த இரண்டு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. என்னோடு ஆடினால் முக்கால் மணியில் தோற்றுவிடுவாரே என்று அப்போதுதான் உறைத்தது.

அவள் போனதும் கேட்டேன், ஏன் மாமா என்னிடம் மட்டும் தோற்கிறீர்கள் என்று. வெகுநேரம் வாயைக் கூட்டிப் பிறகு, "நீ... கொஞ்சம் படும்மா" என்றார். ஆட்டம் சீக்கிரம் முடிந்தால் நான் ஒரு மணி நேரம் கண்ணயர்வேன். அதற்காகத்தான் விட்டுக்கொடுத்திருக்கிறார். யானை இல்லாமல் ஆடிய வாரங்களில்தான் அவருக்குச் சளி கட்டி நான் சரியாகத் தூங்காமல் கிடந்தேன். அதனால் அப்போது அதிகமாகத் தோற்றிருக்கிறார். பட்டியலில் யானைக்கு நேராக இருக்கும் எண் யானையுடையது இல்லை அத்தான், என் கண்ணுக்குக் கீழே இருக்கிற கருவளையத்துடையது. அடுப்படிக்குப் போய், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டு அழுதேன்.

இதை எழுத நாலு நாள் ஆயிற்று. எழுதினால் உங்கள் வரவு தள்ளிப்போகுமே என்ற பயம். எழுதாமல் விட்டால் பெட்டிக்குள் பொய்யை வைத்து விற்பீர்கள். இரண்டும் என்னால் முடியவில்லை. எனக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது.

ஒரு வழிதான் தெரிகிறது. நீங்களே வந்து அவர் எதிரே உட்காருங்கள். உங்களுக்கு அவர் ஒரு சிப்பாயைக்கூட விட்டுத்தர மாட்டார், பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான் என்று நீங்களே புலம்பியிருக்கிறீர்கள். சரியான எண் அங்கேதான் கிடைக்கும். அவர் வலது கை காயைப் பிடிக்கிற வரைக்கும்தான் கிடைக்கும்.

பலகையைக் கலைக்கவில்லை. துடைத்து, எல்லாக் காயையும் நிறுத்திவைத்திருக்கிறேன், என் யானையையும் சேர்த்து. நீங்கள் ஆடுங்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆடுங்கள். நான் உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறேன்.

வழி பார்த்தபடி,
உங்கள் மனைவி