உப்பும் ஐஸும் போட்டுக் கொண்டுவந்த மருந்து

மூச்சை அடக்கி எங்களுக்குச் சோறு போட்ட என் அப்பாவுக்கு,

வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு ஆண்டு நினைவுத் திருப்பலி. பூசை முடிந்ததும் எல்லாருக்கும் கொடுக்கிற நினைவுத்தாளில் உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லி அம்மா என்னிடம் பேனாவைத் தந்திருக்கிறாள். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன் எழுதி என்ன ஆகப்போகிறது என்றேன். "படிச்சவனுக்குத்தான் அப்பன் இருப்பானாலே? எழுது" என்றாள். எழுதுகிறேன். ஆனால் அவள் கேட்டது இது இல்லை.

முதலில் வீட்டுச் சேதி. அம்மாவின் தம்பி அருளப்பன் மாமாவுக்கு உனக்கு வந்த அதே நோய். உன்னோடு ஒரே வள்ளத்தில் சங்கு குளிக்கப் போனவர் இப்போது மாடிப்படி ஏற முடியாமல் நடுவில் உட்காருகிறார். டிபி இல்லையாம். டிபிக்குத் தூரத்துச் சொந்தமான கிருமி. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது, மண்ணிலும் தண்ணீரிலும் கிடப்பது, பழைய டிபி தழும்பு உள்ள நுரையீரலாகப் பார்த்துக் குடியேறும் என்று டாக்டர் சொன்னார். உங்கள் இரண்டு பேருக்குமே அந்தத் தழும்பு இருந்ததே. "கடல்லயும் கூட்டு, சீக்குலயும் கூட்டாலே" என்று மாமா சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது.

மாத்திரை எதுவும் கேட்கவில்லை. அதனால் மதுரை டாக்டர் உனக்குத் தருவித்த, புகையாக இழுக்கிற மருந்தையே மாமாவுக்கும் தருவித்திருக்கிறார். மாமா வேண்டாம் என்கிறார். "ஒங்கப்பனுக்கே கேக்கல. எனக்கு மட்டும் கேக்குமாக்கும்."

அம்மா அதற்கும் மேலே போய்விட்டாள். "அந்தப் பொகைய இழுத்து இழுத்துத்தான் அவுக போனாக. எந் தம்பியையும் அனுப்பணுமாலே?" என்று அழுது, மாதா படத்துக்கு முன்னால் அந்த மருந்தைத் தொட மாட்டேன் என்று மாமாவிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். நாளை திங்கட்கிழமைக்குள் மாமா மதுரைக்குப் போகவில்லை என்றால் மருந்து வரிசையில் இருக்கிற அடுத்த ஆளுக்கு. இதற்குள் மாமா நாலு கிலோ இளைத்துவிட்டார்.

அப்பா, உனக்கு மருந்து கேட்காமல் போனது என்று ஊரே சொல்கிறது. நீ இழுத்தது அந்த மருந்தே இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

டாக்டர் உன்னிடம் விளக்கிய நாள் ஞாபகம் இருக்கிறதா? உடம்பில் கிருமியைத் தின்கிற செல் உண்டு. இந்தக் கிருமி அந்தச் செல்லுக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்கிறது. சாதாரண மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேருவதில்லை. அதனால் மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புப் பைகளுக்குள் வைத்துப் புகையாக இழுக்க வைக்கிறார்கள். செல் அந்தப் பையையும் தீனி என்று நினைத்து விழுங்கும். நீ கேட்டுவிட்டுச் சொன்னாய்: "அப்ப கள்ளன் ஒளிஞ்சிருக்க வீட்டுக்கே போலீசப் பார்சல் கட்டி அனுப்புதீய." டாக்டரே சிரித்துவிட்டார். நீ பிழைத்துவிடுவாய் என்று நான் முடிவு செய்தது அந்த நிமிஷம்தான்.

மருந்து வந்ததும் எடுத்துவர நான்தான் போனேன். சித்திரை வெயில். நான் வேலை பார்க்கிற ஐஸ் கம்பெனியிலிருந்து மீன் பெட்டி ஒன்றைக் கொண்டுபோனேன். தூரத்துக்குப் போகிற மீனுக்குச் செய்கிற மாதிரி, உடைத்த ஐஸில் கல்லுப்பு அள்ளிப் போட்டு நிரப்பியிருந்தேன். உப்பு சேர்ந்தால் குளிர் கடிக்கும். இது நம் துறைமுகத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

மருந்துக் கவுன்டரில் இருந்தவர் ஜெல் பை வைத்த அட்டைப்பெட்டியை நீட்டினார். "தம்பி, ரெண்டுலருந்து எட்டு டிகிரி. குளுமையா இருக்கணும், ஆனா..." என்று ஆரம்பித்தார். நான் முடிக்க விடவில்லை. "அண்ணாச்சி, நான் ஐஸ் கம்பெனில வேல பாக்கவன். குளுமையப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதீய" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். ஜெல் பையைத் தொட்டுப் பார்த்து, இது கோவில்பட்டி கூடத் தாண்டாது என்று தூர எறிந்தேன். ஒரு மாதத்துக்கான குப்பிகள் அத்தனையையும் உப்பு ஐஸுக்குள் புதைத்தேன்.

வீட்டில் திறந்தபோது எல்லாம் கல்லாக உறைந்திருந்தது. குப்பியோடு இருந்த தாளை அப்போதுதான் படித்தேன். உறைய விடக் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

உருகினால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொன்றாகக் கையில் வைத்து உருக்கினேன். பால் மாதிரி இருக்க வேண்டியதில் பொடிப்பொடியாகத் திரிதிரியாய் ஏதோ மிதந்தது. குலுக்கினேன். கலந்த மாதிரி தெரிந்தது. பிரிட்ஜில் அடுக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மறுபடி தருவிக்க எத்தனை மாதம் ஆகும், உனக்கு அத்தனை மாதம் இருக்கிறதா என்று பயம். அதைவிட, உன் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயம்.

தினம் காலையில் நீ மருந்தைப் புகையாக்குகிற அந்த மெஷினை வாயில் வைத்துக்கொண்டு உட்காருவாய். பார்க்க வந்தவர்களிடம் எல்லாம், "எம் மவன் மதுரையிலருந்து ஐஸ்ல வச்சு வாடாமக் கொண்டாந்தாம்லா" என்பாய். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன். அந்த மாதம் முழுக்க நான் ஏன் வீடு தங்கவில்லை என்று உனக்குப் புரிந்ததா? ஊர்சுற்றி என்றுதானே நினைத்தாய்? அடுத்த மாத மருந்து வருவதற்குள் நீ போய்விட்டாய்.

போன வாரம் பரிசோதனைக்காக மாமாவோடு மதுரைக்குப் போனேன். அங்கே வார்டில் இருந்த நர்ஸ் சிஸ்டரிடம் யாரோ ஒருத்தருக்காகக் கேட்கிற மாதிரி கேட்டேன். உறைந்தால் அந்தக் கொழுப்புப் பை கிழிந்துவிடுமாம், மருந்து வெளியே கொட்டிவிடுமாம், உருக்கினாலும் பை ஒட்டாதாம். "அப்புறம் அத யூஸ் பண்ணவே கூடாது தம்பி" என்றார்.

நல்லபடியாக வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது. நெறையப் பேருக்குக் கேட்டிருக்கு" என்றார். அப்பா, நீ எந்தப் பக்கம் இருந்திருப்பாய்? இனி யாரிடம் கேட்பேன்?

நேற்று வலை உலர்த்துகிற இடத்தில் மாமாவைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஒங்கம்மாட்ட சொன்னியா?"

"இல்ல மாமா."

"அவகிட்டச் சொல்லு. அவ வாயால போன்னு சொன்னா போறேன். சத்தியம் பண்ணிட்டு அவளுக்குத் தெரியாம நான் எதையும் இழுக்க மாட்டேன்."

"ஒங்க உயிரு மாமா."

"ஆமாலே. எனக்கும் வாழணும்னு ஆசதான். அதுக்குத்தான் சொல்லுதேன், போய்ச் சொல்லு."

ராத்திரி சொல்ல நினைத்தேன். அம்மா உன் பாயை வெயிலில் போட்டு எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். முடியவில்லை. காலையில் சொல்ல நினைத்தேன். கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். முடியவில்லை. உன்னிடம் சொல்லாமல் தப்பித்த மாதிரி இவளிடமும் தப்பிக்கலாம், ஆனால் அதற்கு மாமாவின் உயிர் போக வேண்டியிருக்கும். மதுரை பஸ் நாளைக் காலை ஆறு மணிக்கு.

பூசை முடிந்து அவள் வருகிற நேரம்தான். வந்ததும் இந்தத் தாளை அவள் கையில் கொடுப்பேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். செய்தது தெரியாமல், மறைத்தது தெரிந்து. அவள் படித்து முடிக்கிறவரை எதிரிலேயே நிற்பேன். அதன்பிறகு என்னை அவள் மகனே இல்லை என்றாலும், மாமாவைப் போகச் சொல் என்று அவள் காலைப் பிடிப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இனியும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாமா என்று தெரியாத,
உன் ஒரே மகன்
ஜெரால்டு