முன்கதவுக்கு ஊத்தின பித்தளை

ஹட்டன்
3.5.1959

அன்புள்ள முத்துலிங்கம் மச்சானுக்கு,

நோர்வூட் பெருமக்கள் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில், உங்கள் மச்சினன் அழகுமுத்து நேற்று முதன்முறையாகச் சவரம் செய்துகொண்டான். மீசையைவிடச் சோப்புத்தான் அதிகமாக வந்தது.

அடுத்த சேதி. உங்க ஒஸ்டின் காருல இடப்பக்க முன்கதவு தொங்குற தூண் வெடிச்சிருந்துச்சே, அத வெல்டிங் பண்ணினது எங்க கராஜ் முதலாளி ஹமீத் நானா இல்ல, நான். அன்னைக்கு அவர் கண்டிக்குப் போயிருந்தார். சக்கரத்து மேல வர்ற மட்காட் தகரம் கிழிஞ்சதுன்னா பித்தளைய உருக்கி ஊத்தினா போதும். தகரம் உருகாது, பித்தளை நடுவுல ஓடி ஒட்டிக்கும். கதவத் தாங்குற இடம் அப்படியில்ல, ரெண்டு இரும்பும் உருகி ஒண்ணாகணும். ஆக்கிட்டேன். ஒட்டுன இடத்தைப் பூதக்கண்ணாடி வச்சுத் தேடினாலும் கிடைக்காது. தம்பி இனி கராஜுல கரி துடைக்கிற ஆள் இல்லைன்னு அக்காகிட்ட சொல்லுங்க.

இப்படிக்கு,
வெல்டர் அழகுமுத்து

நோர்வூட்
6.5.1959

அன்பு அழகுமுத்துவுக்கு,

கதவு இப்ப ஒரு விரல்ல மூடுது. உன் வேலைன்னு தெரிஞ்சதுல இருந்து உங்கக்கா நாகலெட்சுமிய கையில பிடிக்க முடியல. வர்ற ஞாயித்துக்கிழமை வட்டவளைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன். ஏழு மாசம், பின்சீட்டுக் குலுக்கல் ஆகாது, முன்னாலதான் உட்காருவா. தம்பி பண்ணின கதவுல சாஞ்சுக்கிட்டே வரணுமாம்.

உன் மச்சான்,
முத்துலிங்கம்

ஹட்டன்
8.5.1959

மச்சான்,

அக்காவ அந்தக் காருல ஏத்தாதீங்க. தபால் சுணங்கும்னு இத பஸ் கண்டக்டர் கையில குடுத்து விடுறேன். நானே வந்திருக்கலாம், மூஞ்சியக் காட்டத் துணிவில்ல.

வெல்டிங் பண்ணப் பார்த்தது நெசம். நெருப்பு பட்டதும் துருப்பிடிச்ச தகரம் ஓட்டையாயிருச்சு. அடைக்க அடைக்கப் பெருசாச்சு. நானா வர்றதுக்குள்ள பித்தளைய ஊத்தி மூடி, அரத்தால ராவி, பெயின்ட் அடிச்சிட்டேன். அடியில இருந்த துருவக்கூடச் சுரண்டல. துரு மேல பித்தளை நிக்காது. எந்த வளைவுலயும் கதவு கையோட வந்துரும்.

உங்க கடிதத்தை நானாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். அவர் ஏசல. அதுதான் பயமா இருந்துச்சு. “பித்தளை பட்ட இடத்துல இனி வெல்டிங்கும் பிடிக்காதுடா. தூணையே அறுத்தெடுத்துப் புதுத் துண்டு வைக்கணும்”னார். கதவக் கயித்தால கட்டிக்கிட்டு நீங்க மட்டும் மெதுவா ஓட்டிட்டு வாங்க. அவரே செய்வார். நான் பக்கத்துல நின்னு பார்க்கணுமாம், நெருப்பத் தொடக்கூடாதாம்.

அக்காவுக்குத் தனியா எழுதப் பார்த்தேன். எழுத எழுத அதுவும் அந்த முதல் கடிதம் மாதிரி வேடிக்கையாவே வருது. கிழிச்சுப் போட்டுட்டேன். நீங்களே சொல்லிருங்க.

அழகுமுத்து