எதிரணி முதலாளிக்கு நான் போட்ட நிபந்தனை

அன்பு மருமகளே,

நம் கால்பந்து கிளப்பின் மேலாளரான உன்னைத் தன் பக்கம் இழுக்க, எதிரணி முதலாளி நேற்று என் வீட்டுக்கே வந்துவிட்டார். நாலு காரில். சரி, ஒரு கார்தான், ஆனால் நீளமான கார்.

“நீங்க சொன்னா அவங்க கேப்பாங்களாமே?”

“நான் சொல்லாம அவ தண்ணிகூடக் குடிக்க மாட்டா. பொண்ணுங்க டீமுக்குத் தனி மைதானம் கட்டுங்க, வருவா!”

நீ மூன்று வருடமாகக் கேட்டும் நம் கிளப் தட்டிக்கழிக்கிற விஷயமாயிற்றே, இவரும் ஓடிவிடுவார் என்றுதான் அடித்துவிட்டேன். மனிதர் “கட்டிடலாம்” என்று கையெழுத்தே போட்டுவிட்டார். எனக்குப் புரையேறிவிட்டது. காகிதம் இதனுடன் இருக்கிறது.

முடிவு உன்னுடையது. நான் பிறந்ததிலிருந்தே நம் சிவப்புச் சட்டைக்காரன். இருந்தாலும் அவர்களுடைய நீலச் சட்டை ஒன்று வாங்கிப் போட்டுப் பார்த்தேன். எடுப்பாகத்தான் இருக்கிறது. உன் அத்தையிடம் மட்டும் சொல்லிவிடாதே.

உன் வெற்றியில் பாதிக்குச் சொந்தக்காரனான
தாய்மாமன்