சித்திரையில் வராத மதினிக்கு

மதினி,

தேக்கடிக்குப் போவதற்காக இன்று காலையில் பரண்மேல் கிடந்த பையை இறக்கித் தட்டினேன். உள்ளேயிருந்து ஒரு மூக்குப்பொடி டப்பா விழுந்து மூடி கழன்றுவிட்டது. அடுக்கடுக்காகத் தும்மல். தேக்கடி அட்டைப்பூச்சிக்குப் பயந்து நீங்கள் வாங்கிய டப்பா அது. பாதத்தில் பொடியை அப்பிக்கொண்டு, "ரெண்டு சம்பந்தியம்மாளும் பொடி போடுறவளுகன்னு நெனச்சிருப்பான் கடைக்காரன்" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

இந்தப் பயணத்தை உங்கள் மகன்தான் ஏற்பாடு செய்தார். "அத்தை, ஏப்ரல்லதான் மலையில தண்ணி வத்தி யானைக ஏரிக்கு எறங்கி வரும். எனக்கு பயர் ஆபீஸ் இருக்கு. நீங்க எல்லாரும் போய்ட்டு வாங்க" என்றார். பட்டாசு ஆலைக்கு உங்கள் பக்கம் பயர் ஆபீஸ் என்றுதானே பேர். சரி மாப்பிள்ளை என்று நானும் சொல்லிவிட்டேன். இதே ஏப்ரலுக்காக உங்களோடு எத்தனை தடவை மல்லுக்கட்டியிருப்பேன்!

காரியாபட்டியிலிருந்து என் மகளைத் தாயில்பட்டிக்கு உங்கள் மருமகளாக அனுப்பியபோது, சம்பந்தியம்மாள் எப்படிப்பட்டவரோ என்று எனக்கு உள்ளூர ஒரு உதறல் இருந்தது. மகள், மாப்பிள்ளையின் தலைத்தீபாவளி முடிந்ததும் பயர் ஆபீசெல்லாம் பூட்டிக் கிடந்தன. ஊரே வேன் பிடித்துக் கோயில் கோயிலாகக் கிளம்பியது. நீங்கள் எனக்கு போன் போட்டு, "சாமி எங்கயும் போயிராது மதினி. யானை காட்டுல அதுபாட்டுக்கு நடக்கறதப் பாக்கணும். கோயில் யானை காசுல்ல கேக்குது" என்றீர்கள். அந்த நிமிஷமே உங்களை எனக்குப் பிடித்துப்போனது.

தேக்கடியில் கார்த்திகை மழையில், பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கொண்டு படகில் உட்கார்ந்தோம். ஏரி தளும்பிக் கிடந்தது. பட்ட மரங்களில் நீர்க்காகங்கள் சிறகு விரித்து நின்றன. படகுக்காரர் நம்மைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். "காடு பூரா தண்ணி கெடக்கும்போது யானை எதுக்கும்மா இங்க வருது? பங்குனி சித்திரையில வாங்க" என்றார். நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டீர்கள். மறு வருஷமும் கார்த்திகையில்தான் போனோம். அதற்கு அடுத்த வருஷமும் அப்படியே. ஒரு தடவை தூரத்தில் கறுப்பாகத் தெரிந்ததைக் காட்டெருமை என்று நீங்கள் சாதித்தீர்கள். நான் பாறை என்றேன். படகு திரும்பும்வரை அது அசையவே இல்லை. "தூங்குது" என்றீர்கள்.

சித்திரையில் போவோம் என்று நான் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான். "சித்திரை வெயில்ல வெடிமருந்துக்கு மூக்குக்கு மேல கோவம் வரும் மதினி. அம்புட்டுப் பேரு ஷெட்டுல இருக்காக. நான் ஊர்ல இல்லாம எப்படி?" நீங்கள் ஊரில் இருந்தால் மட்டும் மருந்து அடங்கிவிடுமா என்று எனக்கு எரிச்சலாக வரும். ஆலை வைத்திருக்கும் பணக்காரர்களின் சாக்கு என்றுகூட நினைத்தேன்.

பேத்தியைப் பார்க்க ஒரு சித்திரை மதியம் உங்கள் வீட்டுக்கு வந்தேன். சட்னி அரைக்க மிக்ஸியைப் போட்டதும் ஓடிவந்து நிறுத்தினீர்கள். "சாயங்காலம்வரைக்கும் போடாதீக மதினி. காது அங்கன இருக்கணும்" என்று ஷெட்டுகள் இருக்கும் திசையைக் காட்டினீர்கள். டிவி அணைந்து கிடந்தது. குழந்தைக்குக் கிலுகிலுப்பைகூட இல்லை. வேலை விட்டு ஆட்கள் வேனில் போகும் சத்தம் கேட்ட பிறகுதான் நீங்கள் சோற்றில் கை வைத்தீர்கள். அதற்குப் பிறகு நான் சித்திரை என்ற பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் ஒரு சித்திரையில் நீங்களே கூப்பிட்டீர்கள். "மதினி, இங்கன இடியும் மழையுமா வெளுத்து வாங்குது. ஆளுகள வீட்டுக்கு அனுப்பியாச்சு. ரெண்டு நாளைக்கு ஷெட்டத் தொறக்க மாட்டாக. கெளம்புங்க!" கல்யாணப் பெண் மாதிரி இருந்தது உங்கள் குரல். கம்பம் தாண்டி மலை ஏறும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ரோட்டோர ஓடையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அதே படகுக்காரர், "நேத்து வரைக்கும் நின்னுச்சும்மா. மழை பெஞ்சதும் மேல ஏறிருச்சு" என்றார். எனக்கு அழுகையே வந்தது. நீங்கள்தான் என் கையைத் தட்டி, "நமக்கு லீவு விட்டா அதுக்கும் லீவுதான் மதினி" என்றீர்கள். ஊருக்கு வந்து மூன்றாம் நாள் ஷெட்டுகள் திறந்தன. நீங்களும் வீட்டோடு உட்கார்ந்துவிட்டீர்கள்.

ஒரு ஆவணியில், மதுரை ஆஸ்பத்திரியில், சிறுநீரகம் கைவிட்டு நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். யானையைப் பார்க்காமலே போனீர்கள். அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. உங்களுக்கும் சேர்த்து நான் பார்த்துவிட வேண்டும் என்றுதான் பையை இறக்கினேன்.

தும்மி முடித்து முகம் கழுவிவிட்டு மகளுக்கு போன் போட்டேன். நீ எத்தனை சேலை எடுத்து வருகிறாய் என்று கேட்டேன்.

"நான் வரலம்மா. பிள்ளைகளக் கூட்டிட்டு நீங்களும் அப்பாவும் போங்க."

"ஏன்டி?"

"நம்ம ஆளுக வெயில்ல அங்கன உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு வேலை பாக்கும்போது, நான் படகுல போயி யானை பாக்கவா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் குடை எடுப்போம் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். என் வயிற்றில் பிறந்தவள்தான். ஆனால் அந்தப் பேச்சு என் வீட்டுப் பேச்சு இல்லை, மதினி. நான் ஒன்றும் வற்புறுத்தவில்லை. போனை வைத்துவிட்டு, சிந்திய பொடியை வாரி டப்பாவில் போட்டு மூடினேன். பிறகு உங்கள் மகனைக் கூப்பிட்டேன்.

"மாப்பிள்ளை, படகு டிக்கெட்டக் கேன்சல் பண்ணிருங்க. கார்த்திகையில போய்க்கிருவோம்."

"கார்த்திகையில யானை வராதே அத்தை."

"வராட்டிப் போகுது. என் மக வருவா."