நீ ஏறாத வண்டி

இன்று காலை திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் காய்ச்சலுக்கு நிலவேம்புக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன்மேல் மறுபடி கோபம் வந்தது. நீ போய் இத்தனை வருடமாகியும் அது ஆறவில்லை.

மதுரைக் கல்லூரியில் நாம் இருவரும் தத்துவம் படித்தோம். நான் தாலுகா ஆபீசுக்குப் போனேன். நீ ரெட்டியபட்டிக் கரிசலுக்கே திரும்பிவிட்டாய். அங்கே படித்த கிரேக்கத்து ஸ்டோயிக் ஞானிகளை மட்டும் நீ விடவில்லை. எது வந்தாலும் இரண்டாகப் பிரிப்பாய்: நம் கையில் இருப்பது, நம் கையில் இல்லாதது. மழைக்கு முன்பே புழுதியில் பருத்தியை விதைத்துவிட்டு, "விதைக்கிறது நம்ம வேலை. பெய்யிறது அதுபாடு" என்பாய். அந்த நிதானத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். எனக்கோ தும்மினாலே பயம்.

கொரோனா இரண்டாம் தடவை வந்தபோது உனக்குக் காய்ச்சல். தெருவெல்லாம் இதே கஷாய வாடை. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவியை உன் வாசலில் வைத்துவிட்டு, தெருமுனையில் நின்று போன் செய்தேன்.

"எண்பத்தெட்டு காட்டுதுலே. காலேஜுல நான் இம்புட்டு மார்க்கு வாங்குனதே இல்ல."

"விளையாடாத. ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன்."

"ஏலே, சாவு நம்ம கையிலயா இருக்கு? பயந்தே செத்துராம வீடு போய்ச் சேரு."

அதைச் சொல்லி முடிக்கவே உனக்கு மூச்சு வாங்கியது. நான் வரவழைத்த வண்டியையும் திருப்பி அனுப்பினாய். நினைவு தப்பிய பிறகுதான் உன் மகன் உன்னை அருப்புக்கோட்டைக்குத் தூக்கிப்போனான். "முந்தியே கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாமேய்யா" என்றாராம் டாக்டர்.

சாவு உன் கையில் இல்லைதான். வண்டியில் ஏறுவது உன் கையில்தானே இருந்தது? மழை வருமா என்று தெரியாமலே வருஷந்தோறும் விதைத்தவன், உன் உடம்பை மட்டும் ஏன் தரிசாகப் போட்டாய்? மார்க்கு எனக்கு வந்தாலும், புரிந்துகொண்டவன் நீ என்றே நினைத்திருந்தேன். ஒருவேளை நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ என்னவோ. ஆனால் அந்த ஞானிகளின் புத்தகங்களை எத்தனை முறை புரட்டினாலும், வைத்தியத்தை மறுக்கச் சொல்லும் பக்கம் எனக்கு அகப்படவில்லை.

உன் காரியத்தன்று, "சாவுக்கு அஞ்சாத மனுசன்யா" என்று வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள். மதினிதான் தலை நிமிராமல் கேட்டார்கள்: "கொஞ்சம் பயந்திருந்தா என்னவாம் அவுகளுக்கு?"

போன மாதம் எனக்கு நெஞ்சில் லேசாகப் பிடித்தது. மருந்துச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி எடுத்துக்கொண்டு, உடனே ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாயு என்றார் டாக்டர். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை.

உன் துணிச்சலைப் பற்றி ஊரே பேசித் தீர்த்துவிட்டது. என்னிடம் இருப்பது என் பயம்தான். அதை விடுவதாக இல்லை.