ஐம்பது நிமிடம்

விற்னி, ஒக்ஸ்போட்ஷயர்
3 யூன் 2025

அன்புள்ள கிளிபோட்,

போனை எடுக்கவில்லை என்று கோபிக்க வேண்டாம். எடுத்தால் சண்டை பிடிப்பேன், அதனால்தான் கடிதம்.

ரொறன்ரோவில் இருந்தபடி நீங்கள் வரைந்து அனுப்பிய பாதையில்தான் சனிக்கிழமை சைக்கிள் ஓடினேன். நல்ல பாதை. பாதிக்கு மேல் கிறவல் கல்லு, மீதி குதிரைப் பாதை. இருபதாவது கிலோமீற்றரில் ஒரு பார்லி வயல். அதன் ஓரத்து மரத்தடியில் சைக்கிளைச் சாத்திவிட்டு, கிளடிஸ் அக்கா கட்டித்தந்த கட்லட்டை எடுத்தேன். போன் பைக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. ஐம்பது நிமிடம் இருந்திருப்பேன். உங்கள் திரையில் என் புள்ளி அசையவில்லை. பதினேழு தரம் எடுத்துப் பார்த்துவிட்டு, இங்கத்தைப் பொலிசுக்கே அடித்திருக்கிறீர்கள்.

வயலுக்குள்ளால் பொலிஸ் உடுப்பில் இரண்டு பேர் நடந்து வந்தார்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். எனக்கு வாய் நிறையக் கட்லட். வெட்கத்தில் அவர்களுக்கும் ஒவ்வொன்று கொடுத்தேன். அந்தப் பெண் மட்டும் என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், "வீட்டில் நீங்கள் பயப்படும்படி யாரும் இருக்கிறார்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

இல்லை என்றேன். மிச்ச இருபத்தாறு கிலோமீற்றரும் அந்தக் கேள்வியோடுதான் ஓடினேன். வீட்டுக்கு வந்ததும் லொக்கேஷனை மூடிவிட்டேன்.

பாதிக் கோபம் ஆறிய
பேர்ணடெற்


வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ
14 யூன் 2025

அன்புள்ள பேர்ணி,

கடிதம் வர ஒன்பது நாள். ஒன்பது நாளும் தபால்காரனுக்கு முன்னால் நான் பெட்டியடியில் நின்றேன். அவன் இப்போது என்னைக் கண்டால் மற்றப் பக்கத்தால் சுற்றிப் போகிறான்.

பொலிஸ் விசயம் பிழைதான். ஆனால் யோசப் அண்ணையை உமக்குத் தெரியும். மன்னாரில், தொண்ணூறாம் ஆண்டு, பாண் வாங்கச் சைக்கிளில் போனவர். "பத்து நிமிசத்தில வாறன்" என்று சொன்னவரை அம்மா மூன்று நாள் படலை வாசலில் நின்று பார்த்தா. அவர் வரவேயில்லை. எனக்குப் பதின்மூன்று வயது. ஒரு மணித்தியாலம் கழிந்ததும் தேடிப் போயிருக்கலாம். "அண்ணை வருவார், இருங்கோ" என்று அம்மாவை மறித்தவனே நான்தான். இப்போதும் யாராவது சைக்கிளில் போய் நேரம் பிந்தினால் எனக்கு இருப்புக் கொள்ளுதில்லை.

முழங்கால் தேறி அக்கா இப்போது படியேறுகிறா என்றீர். அவவைப் பார்க்க மூன்று மாதத்துக்கென்று போன உமக்கு ஏழு மாதமாயிற்று. ஓகஸ்டில் வாரும். அதுவரைக்கும் புதுப்பாதை ஒன்று வரைந்து கடதாசியில் அனுப்பியிருக்கிறேன். நீல அம்பு போட்ட இடமெல்லாம் ஓடலாம், மஞ்சள் அம்பு நடக்கிறவர்களுக்கு. ஆற்றடியில் கவனம்.

உமது
கிளிபோட்


விற்னி
27 யூன் 2025

அன்புள்ள கிளிபோட்,

யோசப் அண்ணைக்காகத்தான் கலியாணம் கட்டிய இருபத்திரண்டு வருடமும் போகிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் எடுத்தேன். வேலைக்குப் போனால், கடைக்குப் போனால், கோயிலுக்குப் போனால். எங்கள் பிள்ளை மெலனியும் எடுத்தாள். பிறகு ஒட்டாவாவுக்குப் படிக்கப் போன முதல் கிழமையே லொக்கேஷனை மூடினாள். அன்று உங்களோடு சேர்ந்து நானும் அவளை ஏசினேன். அது இப்போது மனதை அறுக்கிறது.

உங்கள் கடதாசியை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, ஞாயிறு என் பாட்டில் வெளிக்கிட்டேன். நீலமும் பார்க்கவில்லை, மஞ்சளும் பார்க்கவில்லை. வேலியைக் கடக்கிற ஒரு மரப்படியில் சைக்கிளைத் தோளில் தூக்கி அந்தப் பக்கம் இறக்கினால், ஒரு மனுசி வந்து "இது நடைபாதை" என்று திட்டினாள். திட்டி முடித்துப் போத்தலுக்குத் தண்ணீரும் நிரப்பித் தந்தாள். செம்மறிகள், சேறு, பூட்டத் தெரியாத கேற்றுகள். வழி தவறி நாலு மணித்தியாலம். நான் எங்கே நிற்கிறேன் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. கிளிபோட், எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

இன்னொரு விசயம். நான் பகுதிநேரம் பார்க்கும் முதியோர் இல்லத்தில் நிரந்தர வேலை தருகிறார்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருப்பதால் தடையில்லை. ஓகஸ்ட் பத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு உங்களை விட்டுவிட விருப்பமில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். யூலை முழுக்க நான் எங்கே, என்ன செய்கிறேன் என்று அறியாமல் இருங்கள். ஒரு மாதம். அது உங்களால் முடிந்தால் ஓகஸ்ட் இருபது வீட்டில் நிற்பேன்.

அன்புடன், ஆனால் பிடிவாதமாக,
பேர்ணடெற்


வெக்ஸ்போர்ட்
6 யூலை 2025

பேர்ணி,

ஓம், அறியாமல் இருக்கிறன். யூலையில் ஆறு நாள் உமது கடிதம் வர முதலே போய்விட்டது, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

இன்று ஹைட்ரோ மின்கம்பிகளுக்குக் கீழே மோர்னிங்சைட் பக்கம் வரைக்கும் ஓடுவோம் என்று சைக்கிளில் தனிய வெளிக்கிட்டேன். போனை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனேன். பாதி வழியில் திரும்பி வந்துவிட்டேன். ஆனாலும் இருப்பேன்.

கிளிபோட்


வெக்ஸ்போர்ட்
1 ஓகஸ்ட் 2025

என் அன்பான பேர்ணி,

மாதம் முடிந்தது. நான் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால் நீர் இருபதாம் திகதி வந்திருப்பீர்.

இரண்டாம் கிழமை அக்காவுக்குப் போன் எடுத்து, "முழங்கால் எப்பிடி?" என்று கேட்டேன். அவ அரை மணித்தியாலம் முழங்கால் கதைத்தா. எனக்கு ஒன்றும் ஏறவில்லை. பின்னால் உமது குரல் கேட்குதோ என்றுதான் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்று கேட்கவில்லை. பத்தொன்பதாம் திகதி உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்து, சைக்கிளில் விழுந்த பெண் யாரும் வந்தாரா என்று விசாரித்தேன். இல்லை என்றார்கள். அன்று நித்திரை கொண்டேன். இருபதாம் திகதியும் எடுத்தேன். இருபத்தோராம் திகதியும். மூன்றாம் நாள் அங்கே போன் எடுக்கிற பெண்ணே என் குரலை அடையாளம் பிடித்துக்கொண்டாள்.

இதை அக்கா உமக்குச் சொல்லியிருக்க மாட்டா, ஆஸ்பத்திரியும் சொல்லாது. விமான நிலையத்துக்குப் பூங்கொத்தோடு வந்திருப்பேன். ஒரு கிழமை நல்லவனாக இருந்திருப்பேன். பிறகு நீர் கடைக்குப் போய் அரை மணித்தியாலம் பிந்தியிருப்பீர்.

பொலிஸ்காரி கேட்ட கேள்விக்கு இல்லை என்று சொன்னீர். உமக்குப் பெரிய மனம்.

டோர்செட் பார்க்கில் இந்த மாதிரிப் பயத்துக்கென்று ஆலோசனை சொல்லுகிற ஒருவரை மெலனி பிடித்துத் தந்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமைகளில் போகிறேன். உம்மை வரவழைக்க அல்ல. எப்போது சரி வரும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதுவரை உம்மை இங்கே வைத்துப் பழகிப் பார்க்க எனக்கு மனமில்லை. அந்த வேலையை எடும்.

நீர் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

உம்முடைய சைக்கிளின் பின் டயர் இரண்டாயிரம் கிலோமீற்றர் தாண்டியிருக்கும். குளிர் தொடங்க முதல் அங்கேயே மாற்றும்.

கிளிபோட்